பொட்டு வைத்த டிஸ்க்

டிஸ்க் பூட்டுவதைப் பற்றி என்னைக் கதைக்கச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான்கு ஸ்குரூ, இரண்டு வயர். அதைச் சொல்லித்தர நான் வாயைத் திறந்தால் நீங்கள் கைபேசியில் வீடியோ பார்ப்பீர்கள். பாருங்கள், அதில் என்னைவிட நன்றாகவே சொல்லுகிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரே கணினிக் கடையில் இருபத்தாறு வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு, கண் மங்கியபின் லிங்கநகரில் வீட்டோடு இருக்கிறேன். உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து, "புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்டதால் எழுதுகிறேன். கேட்டது உங்கள் பிழை.

இந்தத் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய பிழை முதல் வருடத்தில் நடக்கவில்லை. அப்போது எனக்குப் பயம் இருந்தது. ஒரு வயரைத் தொட முன்னம் மூன்று தரம் பார்ப்பேன். பிழை நடந்தது இருபத்துமூன்றாம் வருடத்தில், என்னை யாரும் எதுவும் கேட்காத காலத்தில்.

கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி, நான், நானா. நானா கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். என்னிலும் இரண்டு வயதுதான் கூட, ஆனாலும் முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதுபோல் முதல் நாளிலிருந்து எனக்கு அவர் நானா, அவருக்கு நான் தம்பி. பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார், ஆகவே விட்டுவிடுகிறேன்.

எங்கள் மேசையில் எப்போதும் இரண்டு சாதி டிஸ்க் கிடக்கும். ஒன்று வாடிக்கையாளரின் சாமான் உள்ளது, உயிர் போனாலும் அழிக்கக் கூடாதது. மற்றது துடைத்துப் புதிதாகப் பாவிக்க வேண்டியது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நானா ஒரு துண்டுக் கடதாசியில் ஆளின் பெயரை எழுதி, றப்பர் வளையம் போட்டு டிஸ்க்கோடு கட்டிவிடுவார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பேனை தேடினால் கிடைக்காது. ஆனால் முதலாளியின் சாமித்தட்டில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எப்போதும் இருக்கும். காக்க வேண்டிய டிஸ்க்குக்கு நான் ஒரு சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் தொட்டுவிடுவேன். பொட்டு இருந்தால் கை வைக்காதே, இல்லாவிட்டால் அழி. இதுதான் என் கணக்கு.

"என்ன தம்பி, டிஸ்க்குக்குக் கலியாணம் செய்து வைக்கப் போறியா? கடையில போய் ஒரு பேனை வாங்கு," என்று நானா நக்கலடிப்பார். நானும் சிரிப்பேன். வருடக்கணக்காக அந்தப் பொட்டு என்னைக் கைவிட்டதில்லை.

ஒரு சரஸ்வதி பூசைக்கு இரண்டு நாள் முன்னால் இலங்கைத்துறை என்ற மீன்பிடி ஊரிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். சுகந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலர் பாடசாலை ஆசிரியை. கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, அவளுடைய தாய்மாமன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்போடு கதிரையில் பொத்தென்று இருந்து, "ஐயா, இது ஆமை. இதைக் கொஞ்சம் முயலாக்கித் தாங்கோ," என்றார். முப்பது வயது இருக்கும். முகம் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் மகளுக்கு அந்தக் கணினியை வாங்கிக் கொடுத்ததே அவர்தானாம்.

எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்க் ஒன்று போட்டு, பழைய டிஸ்க்கை அதனோடு இரண்டாவதாகப் பூட்டித் தருவதாகச் சொன்னேன். பிள்ளை உடனே கேட்டாள்.

"பழசில இருக்கிறது ஒண்டும் போகாதே ஐயா?"

"ஒண்டும் போகாது மகள்."

"அதில ‘கல்’ எண்டு ஒரு பைல் இருக்கு. அதை ஒருத்தரும் திறக்கக் கூடாது. அப்பா சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் தந்தவர்."

மாமன் விழுந்து விழுந்து சிரித்தார். கடலடியில் பாறை உள்ள இடத்தில்தான் மீன் கூடும். அந்த இடத்தைத்தான் கல் என்பார்கள். அவளுடைய அப்பா முப்பது வருடமாகத் தான் கண்டுபிடித்த கல்லுகளின் இடத்தை ஜிபிஎஸ் எண்களாகக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவர். கொப்பி நனைந்து ஊறிப்போக, மகள் அந்த எண்களையெல்லாம் கணினியில் அடித்துக் கொடுத்திருக்கிறாள். ஊரில் வேறு யாருக்கும் அவை தெரியாது. கல்லைச் சொல்லிக் கொடுப்பது வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுப்பது போல.

"எங்கட அத்தானோட நான் பத்து வருஷமாப் போறன்," என்றார் மாமன். "என்னையே கண்ணைக் கட்டாத குறையாத்தான் கூட்டிக்கொண்டு போறவர்."

"பயப்பிடாதை மகள், நான் திறக்கமாட்டன்," என்றேன். "எனக்கு நீந்தவே தெரியாது. கல்லைக் கண்டு நான் என்ன செய்யிறது?"

வழக்கமாக இப்படி வேலை வந்தால் முதலில் முழுவதையும் வேறோர் இடத்தில் நகல் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல். திறக்காமலே நகல் எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாதா? டிஸ்க்கைக் கழற்றி, சந்தனம் வைத்து, பொலித்தீன் பையில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தேன். பக்கத்தில் அதே கொம்பனி, அதே அளவில் இன்னொரு டிஸ்க் கிடந்தது. ஒரு ரியூசன் நிலையத்துக்காகத் துடைக்க வேண்டியது.

பூசை அன்று பின்னேரம் முதலாளியின் மனைவி கடைக்கு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மொனிட்டருக்கு, கீபோட்டுக்கு, ஸ்குரூ ட்ரைவருக்கு, மேசையில் வெளியே கிடந்த எல்லாவற்றுக்கும். நான் கிட்ட நின்று அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால்தான் வைத்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த நாள் விஜயதசமி. அன்றே ரியூசன்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால், வழக்கமான ஒன்பதரைக்கு முன்னால் எட்டரைக்கே கடையைத் திறந்தேன். நானா துறைமுகப் பக்கத்தில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். முதலாளி வரவில்லை. மேசையில் இரண்டு டிஸ்க். ஒன்றில் பொட்டு, ஒன்றில் இல்லை. பொட்டு உள்ளதை மேசை லாச்சியில் பத்திரமாக வைத்தேன். இல்லாததைப் பையிலிருந்து எடுத்துப் பூட்டி, போர்மட் செய்து, ரியூசன்காரரின் வீடியோப் பாடங்களை அதற்குள் ஏற்றவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. சுகந்தி.

"ஐயா, கடை திறக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான். அப்பாவும் மாமாவும் நேத்து விடிய முதல் போனவை. மத்தியானம் வர வேணும், இன்னும் வரேல்ல. நேத்துப் பின்னேரம் காத்து அடிச்சது, ஒருத்தரும் இறங்க ஏலாமப் போச்சு." மூச்சு வாங்கினாள். "அந்தக் கல் பைலை மட்டும் என்ர போனுக்கு அனுப்புங்கோ ஐயா. எந்தக் கல்லுக்குப் போனவை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தேடப் போறவங்களுக்குக் குடுக்க வேணும். திறந்தாலும் பரவாயில்லை."

"இந்தா மகள், இப்பவே அனுப்புறன். போனை வையுங்கோ."

லாச்சியைத் திறந்து பொட்டு வைத்த டிஸ்க்கை எடுத்தேன். பெருவிரலில் குங்குமம் ஒட்டியது. மூன்று நாளைக்கு முன் வைத்த பொட்டு எப்படி ஒட்டும் என்று ஒரு கணம் நின்றேன். பிறகு பூட்டிப் பார்த்தேன். உள்ளே யாருடையதோ பழைய பாட்டுகளும் படங்களும். பொலித்தீன் பையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் காய்ந்து உதிர்ந்த சந்தனம் மஞ்சள் தூளாகக் கிடந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. தெருவில் பஸ் போகிறது, சத்தம் கேட்கவில்லை. திரையில் வீடியோப் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்த மனிதரின் முப்பது வருடக் கடலுக்கு மேல் பத்தாம் வகுப்புக் கணிதம் ஏறிக்கொண்டிருக்கிறது. பாய்ந்து போய் வயரை இழுத்தேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். போர்மட் செய்தால் எல்லாம் உடனே போய்விடாது, மேலே புதிதாக எழுத எழுதத்தான் போகும். அது உங்களுக்கும் தெரியும்.

ஐந்து நிமிடத்தில் அவள் திரும்ப எடுத்தாள்.

"ஐயா, பைல் இன்னும் வரேல்லையே."

இப்போது கவனமாக வாசியுங்கள். என் வாயில் இரண்டு பதில் இருந்தது. ஒன்று உண்மை.

"டிஸ்க்கைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன் மகள்," என்றேன். "ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ. கட்டாயம் அனுப்புறன்."

"சரி ஐயா. நான் போனைக் கையிலதான் வச்சிருக்கிறன்."

அந்தப் பொய்யை நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மீட்டுவிடலாம் என்று நம்பினேன். மீட்டுவிட்டால் பிழை நடந்ததே யாருக்கும் தெரியவராது. அழிந்த பைல்களைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டேன். திரையில் பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. அவர்கள் ஒரு பக்கம் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள், பைல் கிடைத்தால் மேலதிக உதவிதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன்: அந்த நேரம் நான் கடலில் இருந்த இரண்டு பேரைப் பற்றி யோசிக்கவில்லை. முதலாளி வந்தால் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன்.

பத்தேகாலுக்கு நானா உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"என்ன தம்பி? யாருக்கு என்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை நானா. இன்னும் கொஞ்சத்தில கிடைச்சிடும்..."

"நீ என்ன கதை கதைக்கிறாய்?" இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "கிடைக்கிறது, கிடைக்காதது உன்ர பிரச்சினை. அதுகள் வேற வழி பாக்கிறது அதுகளின்ர பிரச்சினை. நீ ரெண்டையும் சேத்துக் கட்டி வச்சிருக்கிறாய். எடு போனை!"

எடுத்தேன். முதல் மணி முடிய முன்னம் அவள் எடுத்தாள்.

"மகள், நான் பிழை விட்டிட்டன். உங்கட டிஸ்க் அழிஞ்சு போச்சு. எடுக்கப் பாக்கிறம். ஆனா வரும் எண்டு சொல்ல ஏலாது. அதை நம்பி இருக்காதைங்கோ."

"சரி ஐயா," என்றாள். போன் வைக்கப்பட்டது. திட்டவில்லை, அழவில்லை.

நானா என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே இருந்து வேலை செய்தார். பன்னிரண்டரைக்கு அந்தப் பைல் வந்தது. பாதி எழுத்துகள் குழம்பியிருந்தாலும் எண்கள் இருந்தன. நானா உடனே அவளுக்கு அனுப்பினார். பதில் இல்லை. எடுத்துப் பார்த்தார், ஆள் இல்லை. இரண்டு மணிக்குத் திரும்ப எடுத்தபோது யாரோ ஓர் ஆண் குரல்.

நானா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டாங்கள்," என்றார். "தெற்கால, கதிரவெளிக்கு நேரா வெளிக்கடலில. போட் கவிண்டு கிடந்ததாம். தகப்பன் அதைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவராம். ஆள் இருக்கிறார்."

"மாமன்?"

"இல்லை." நானா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "இரவு முழுக்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாங்கள். ‘இப்பதான் கையை விட்டவன், இப்பதான் கையை விட்டவன்’ எண்டு அந்த மனிசன் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்."

மாமன் அன்று பொத்தென்று இருந்த கதிரை எங்கள் இருவருக்கும் முன்னால்தான் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் வெளியே போய் நின்றேன்.

பின்னேரம் நானா அந்த எண்களைக் கைபேசி வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு கல்லுகள். எல்லாமே அவர்களுடைய ஊருக்கு வடக்கே. ஒன்றுகூடத் தெற்கில் இல்லை. இயந்திரம் நின்று, நீரோட்டம் அவர்களை எதிர்ப்பக்கம் இழுத்துப் போயிருக்கிறது. அந்தப் பைல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் தேடியவர்கள் வடக்கே போயிருப்பார்கள்.

அதைக் கண்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. நான் அழித்ததால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்ற நிம்மதி. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். அடுத்து வந்த மூன்று கிழமையும் நன்றாகவே நித்திரை கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மூன்று கிழமைக்குப் பிறகு சுகந்தி கணினியை எடுக்க வந்தாள். இந்த முறை தனியாக. மெலிந்திருந்தாள். புதிய எஸ்எஸ்டியும் பழைய டிஸ்க்கும் பூட்டி, மீட்ட பைலை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கையைக் கூப்பினாள்.

"நீங்க பைல் இல்லை எண்டு சொன்னபடியாத்தான் ஐயா எங்கட ஆக்கள் நீரோட்டத்தைப் பாத்துத் தெற்கால போனவை. பைல் வந்திருந்தா வடக்கால போயிருப்பினம். அப்பாவும் இல்லாமப் போயிருப்பார். கடவுள்தான் உங்கட கையால அதை அழிச்சவர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு ஒரு பெருமையும் வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதை ஏன் கேக்கிறீங்கள் மகள்! உங்கட முதல் கோல் வந்து போனைத்தான் வச்சன், பாத்தா எல்லாம் துடைச்சுக் கிடக்குது. எனக்குக் காது அடைச்சிட்டுது. நீங்க ரெண்டாம் தரம் எடுக்கேக்குள்ள நான் வயரை இழுத்துப்போட்டு நிக்கிறன்..."

நானா தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் நிறுத்தினேன். பிந்திவிட்டது.

"ரெண்டாம் தரம் எடுக்கேக்குள்ள தெரியுமா?" என்று கேட்டாள் அவள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஓம்."

"அரை மணித்தியாலம் தாங்கோ எண்டு சொன்னீங்கள்."

என் கண் மேசையில் இருந்த போனுக்குப் போனது.

"எல்லாற்ற போட்டிலயும் ஒரு பக்கம் போய்வரத்தான் எண்ணெய் இருந்தது," என்றாள். "வடக்கா தெற்கா எண்டு தெரியாமப் போகேலாது. உங்கட பைலுக்காகத்தான் நிண்டவங்கள். எட்டுப் போட், ஐயா. இயந்திரம் பூட்டி, தண்ணியில இறக்கி வச்சுக்கொண்டு, எட்டுப் போட்டும் என்ர போனைப் பாத்துக்கொண்டு நிண்டது."

அவர்கள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பார்கள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! என் பொய்க்கும் நான் உண்மையைச் சொன்னதற்கும் இடையில் நாற்பது நிமிடம். "இப்பதான் கையை விட்டவன்" என்று அந்த மனிதர் சொன்னதை அவளும் கேட்டவள். நானும் கேட்டவன். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு நின்றோம்.

பிள்ளைகளே, டிஸ்க் அழியும். கவனமான ஆளுக்கும் ஒரு நாள் அழியும். அதற்கு யாரும் உங்களைத் தூக்கில் போடமாட்டார்கள். ஆனால் அழிந்தது தெரிந்த அந்த நிமிடத்திலேயே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மீட்கிற வேலையைப் பிறகு தொடங்குங்கள். மறுமுனையில் யார் எதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அவள் படுக்கை விரிப்பை விரித்து, கணினியை அதன் நடுவில் வைத்து முடிச்சுப் போட்டாள். பாரமான சாமான். பஸ் தரிப்பிடம் வரைக்கும் தூக்கித்தர நான் கையை நீட்டினேன்.

"வேண்டாம் ஐயா," என்றாள்.

நானா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். அவருக்கு மட்டும் தலையசைத்துவிட்டு, அதைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு போனாள்.